சாப்பாட்டைப் பார்த்தாலே பதற்றம்: எதை முதலில் சரிசெய்வது?

#1 அந்திவெளி (இழையைத் தொடங்கியவர்)

சாப்பாடு தொடர்பான பதற்றம் பற்றி இங்கே கேள்விகள் துண்டு துண்டாக வந்துகொண்டே இருக்கின்றன. ஒருவருக்குத் தட்டு முன்னால் வந்ததும் குமட்டல். இன்னொருவருக்கு விழுங்கினால் அடைத்துக்கொள்ளுமோ என்ற பயம். மற்றொருவர் எதைச் சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்ற கணக்கிலேயே நாள் முழுக்கக் களைத்துப்போகிறார். எல்லாருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "மனசை லேசா வச்சுக்கோங்க." எப்படி என்று யாரும் சொல்வதில்லை.

துறை தெரிந்தவர்கள் வரிசையாக எழுதினால் நல்லது. முதலில் எது, அப்புறம் எது, எவ்வளவு, எங்கே பிசகுகிறது என்பது மட்டும் போதும். சொந்தக் கதைகளுக்கு வேறு இழை இருக்கிறது.

#2 நெடுவழி

முதலில் நேரம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காரணம் உடம்பில் இருக்கிறது. பதற்றம் வந்தால் உமிழ்நீர் குறைந்து வாய் வறளும். இரைப்பை மெதுவாகக் காலியாகும், பெருங்குடலோ வேகம் பிடிக்கும். "பசியே இல்ல, வயிறு வேற கலக்குது" என்பவர் நடிக்கவில்லை, உள்ளே நடப்பதைத்தான் சொல்கிறார். பசி இல்லை என்று ஒரு வேளையை விட்டுவிட்டால் இடைவெளி ஆறு, ஏழு மணி நேரமாகிவிடும். அப்போது கை நடுங்கும், தலை லேசாகும், நெஞ்சு படபடக்கும். இது பட்டினியின் விளைவு. ஆனால் பார்ப்பதற்குப் பதற்றம் போலவே இருப்பதால் அவரும் அப்படியே எடுத்துக்கொள்கிறார். அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதே பயம் வந்துவிடும். இந்தச் சுற்றை உடைக்கச் சுலபமான இடம் கடிகாரம்.

எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் சாப்பாடு. பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று. நான்கு மணி நேர இடைவெளியைத் தாண்டவே கூடாது. மொத்தத்தில் மூன்று வேளைச் சாப்பாடு, நடுவே இரண்டு அல்லது மூன்று சிற்றுண்டி. உணவுக் கோளாறுகளுக்காகக் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வடிவமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையிலும் தொடக்கத்திலேயே வருவது இந்த ஒழுங்குதான்.

பிசகுவது எங்கே என்றால், நேரத்தைப் பிடிக்கும்போதே சத்தான உணவுக்கும் மாறுவேன், இனிப்பையும் விடுவேன் என்று மூன்றையும் ஒன்றாகத் தொடங்குவார்கள். மூன்றும் சேர்ந்தே கவிழும். முதல் இரண்டு வாரம் என்ன சாப்பிடுகிறோம் என்பதில் கைவைக்க வேண்டாம். முழுத் தட்டு முடியவில்லையா, பாதித் தட்டு போதும். அளவில் விட்டுக்கொடுக்கலாம், நேரத்தில் கூடாது. ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளை வழக்கமான அளவுதான். இரட்டிப்பாகவும் வேண்டாம், தண்டனையாகக் குறைக்கவும் வேண்டாம்.

#3 கீழைக்காற்று

இதில் எனக்கு உடன்பாடில்லை. கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் பாதிப் பேர் பசியையே மறந்தார்கள். பசியை 1 (கடும் பசி) முதல் 10 (திணறும் அளவு நிறைவு) வரை மதிப்பிட்டு, 3 வரும்போது தொடங்கி 7 வரும்போது நிறுத்துவது பலருக்கும் பலன் தந்த முறை. கவனத்தோடு மெல்லுவது, வயிறு என்ன சொல்கிறது என்று கேட்பது இவற்றையெல்லாம் விட்டுவிட்டு அலாரம் வைத்துச் சாப்பிடச் சொல்வது பின்னோக்கிப் போவது இல்லையா?

#4 மூன்றாம்மணி

// வயிறு என்ன சொல்கிறது என்று கேட்பது //

வயிறு சரியாகச் சொல்லும் நிலையில் இருந்தால் கேட்கலாம். நீண்ட நாள் குறைவாகச் சாப்பிட்டவருக்கும் தீராப் பதற்றத்தில் இருப்பவருக்கும் அந்தச் செய்தி திரிந்துதான் வரும். 1944–45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வு இதற்குச் சான்று. உடலும் மனமும் திடமாக இருந்த 36 ஆண்கள், 24 வாரம், வழக்கத்தில் ஏறத்தாழப் பாதி உணவு. உணவைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், தட்டில் இருந்ததை மணிக்கணக்கில் வைத்து அளைந்தார்கள். முழு உணவு திரும்பிய பிறகும் சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்கவில்லை. அவர்களிடம் போய் "3 வந்ததும் தொடங்கு, 7இல் நிறுத்து" என்றால் என்ன ஆகும்?

கடிகாரம் என்பது முறிந்த காலுக்குப் போடும் மாவுக்கட்டு. கால் கூடியதும் கழற்றிவிடலாம். சில வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டால் வேளைக்கு முன்பே பசி எட்டிப்பார்க்கும். உங்கள் அளவுகோல் அங்கே பயன்படும்.

இன்னொன்று. பதற்றக்காரரை வயிற்றைக் கவனிக்கச் சொன்னால் சின்ன இரைச்சலையும் ஆபத்தாக எடுத்துக்கொள்வார். தொடக்கத்தில் கவனம் வெளியே இருக்கட்டும்: தட்டின் சூடு, கரண்டியின் கனம், எதிரில் இருப்பவரின் பேச்சு.

அளவு கேட்டிருந்தீர்கள். சிற்றுண்டி என்றால் மாவுச்சத்து ஒன்று, புரதமோ கொழுப்போ ஒன்று, அவ்வளவுதான். ரொட்டியும் முட்டையும், பழமும் ஒரு கைப்பிடி கொட்டைப்பருப்பும், இப்படி. குமட்டல் இருந்தால் ஆறிய உணவு நல்லது, ஏனென்றால் வாசனை சூட்டில்தான் கிளம்பும். எண்ணெய் அதிகமானால் இரைப்பையில் அதிக நேரம் தங்கும், அதனால் குமட்டல் நாட்களில் அதைக் குறைக்கலாம். மெல்லவே முடியாத நாளில் 200 மில்லி பால் அல்லது கெட்டியான சூப்பை 15 நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் அது ஒரு சிற்றுண்டிக் கணக்கு. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு "வயிறு நிறைஞ்சிடுச்சு" என்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிசகு. வெறும் வயிற்றில் காபியும் அப்படித்தான். அது தரும் படபடப்பைப் பதற்றத்திலிருந்து பிரித்தறிய முடியாது.

#5 பனித்துளி

நேரம் புரிகிறது. ஆனால் மணி அடித்த பிறகு மேசைக்குப் போகும் அந்தப் பத்து நிமிடம்தானே பலருக்கும் நரகம்? அங்கே என்ன செய்யச் சொல்வீர்கள்?

#6 நெடுவழி

மூச்சு. ஆனால் மேசைக்கு வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். நான்கு எண்ணும்வரை மூக்கால் உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே, ஐந்து நிமிடம். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சு வரும். தலை சுற்றினால் அளவுக்கு மீறி ஆழமாக இழுக்கிறீர்கள் என்று பொருள். வேகம் அப்படியே இருக்கட்டும், ஆழத்தைக் குறையுங்கள்.

இதன் நோக்கத்தைத்தான் பலரும் தவறாகப் பிடிக்கிறார்கள். பதற்றத்தைப் பூஜ்யமாக்கிவிட்டுச் சாப்பிடலாம் என்று காத்திருந்தால் சாப்பாடு ஆறிப்போகும், ஆளும் சோர்ந்துபோவார். 0 முதல் 100 வரையான அளவில் 70இலிருந்து 50க்கு வந்தால் போதும், உட்காரலாம். மீதி சாப்பிடச் சாப்பிடக் குறையும். 50இல் இருந்துகொண்டே சாப்பிட முடிகிறது என்பதைத்தான் மூளை கற்க வேண்டும். பூஜ்யத்தில் சாப்பிட்டால் கற்க அங்கே எதுவும் இல்லை.

மேசையில் முடிவெடுக்கும் வேலை எதுவும் இருக்கக் கூடாது. என்ன, எவ்வளவு என்பது முந்தின நாளே முடிவாகியிருக்க வேண்டும். ஒரு வாரம் முழுக்க ஒரே காலை உணவு என்றாலும் குற்றமில்லை, சலிப்பு இங்கே நன்மைதான். பாத்திரங்களை மேசையில் பரப்பாமல் அடுக்களையிலேயே தட்டில் போட்டு எடுத்துவாருங்கள். சாப்பாட்டுக்கு முப்பது நிமிடம், சிற்றுண்டிக்குப் பதினைந்து. நேரம் முடிந்ததும் மிச்சம் இருந்தாலும் தட்டை எடுத்துவிட வேண்டும், ஒரு சொல்லும் சொல்லாமல். எடை கணிசமாகக் குறைந்தவருக்கு இது பொருந்தாது. அங்கே விட்ட மிச்சத்துக்கு ஈடு தேவை. அதைச் சிகிச்சைக் குழு தீர்மானிக்கும்.

திரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடலாமா என்ற கேள்வி அடுத்து வரும். முதல் கட்டத்தில் சரி. செய்தியோ உணவுக் காணொளியோ மட்டும் வேண்டாம். பேச்சுத் துணை இருந்தால் திரையைவிட மேல்.

சாப்பிட்ட பிறகான அரைமணியையும் திட்டமிடுங்கள். வயிறு நிறைந்த உணர்வு மிகுந்து, வாந்தி எடுத்தோ அடுத்த வேளையைக் குறைத்தோ சாப்பிட்டதற்கு ஈடுகட்டும் எண்ணம் எழுவது அப்போதுதான். கண்ணாடி, எடைக் கருவி, குளியலறை இவற்றிலிருந்து தள்ளி, கைக்கு வேலை கொடுக்கும் ஏதாவது ஒன்றை உட்கார்ந்தபடி செய்யலாம்.

#7 தேன்சிட்டு

விழுங்கும் பயத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். இங்கே ஒரு வாசலைத் தாண்டாமல் உள்ளே போகக் கூடாது. உணவு ஒரே இடத்தில் சிக்குவது, விழுங்கும்போது வலி, தண்ணீர் குடித்தாலே இருமல், சாப்பிட்டதும் குரல் ஈரமாகக் கரகரப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தம். இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவர். பயம் என்று பெயர் வைப்பது அதற்குப் பிறகு.

சோதனைகள் சரியாக இருந்து பயம் மட்டும் எஞ்சியிருந்தால்:

தொண்டையில் உருண்டை நிற்பதுபோன்ற உணர்வு சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில் வந்து, சாப்பிடும்போது குறைந்தால் அது பெரும்பாலும் தசை இறுக்கம். அதைச் சோதிக்க வெறும் எச்சிலைத் திரும்பத் திரும்ப விழுங்குவார்கள். நான்காவது ஐந்தாவது தடவையில் எச்சில் தீர்ந்து விழுங்கவே வராது. "பார்த்தியா, அடைச்சிடுச்சு" என்று பயம் உறுதியாகிவிடும். உமிழ்நீர் இல்லாவிட்டால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

ஓங்கரிப்பு வேறு, மூச்சு அடைப்பு வேறு. ஓங்கரிப்பில் சத்தம் வரும், இருமல் வரும், கண்ணில் நீர் வரும். அது உணவைத் தவறான வழிக்குப் போகவிடாமல் தள்ளும் அனிச்சைச் செயல். முழு அடைப்பில் சத்தமே வராது, பேசவோ இருமவோ முடியாது. பயத்தோடு வருபவர்கள் விவரிப்பது பெரும்பாலும் முதலாவது.

படிப்படியாகப் பழக, உணவின் பதத்தை வகைப்படுத்தும் ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேச அளவுகோலையே எடுத்துக்கொள்ளலாம். படி 4 கூழ். படி 5 பொடியாக நறுக்கிய ஈரமான உணவு, பெரியவருக்கு 4 மில்லிமீட்டர் துண்டு. படி 6 மெத்தென்ற துண்டு, 15 மில்லிமீட்டருக்கு மேல் இல்லை. படி 7 வழக்கமான உணவு. விழுங்குவதில் குறைபாடு உள்ளவர்களுக்காக வந்த அளவுகோல் இது, ஆனால் பயத்துக்கு ஏணியாகவும் உதவும். பதற்றம் 30–40 வரும் படியில் தொடங்குங்கள். அந்தப் படியிலேயே தினமும் சாப்பிட்டு, எண் பாதியாகக் குறைந்ததும் அடுத்தது. புதிய படிக்கு அரைச் சாப்பாடு வேண்டாம், ஐந்து வாய் போதும். மீதி பழைய படியில்.

ஏணி மட்டும் போதாது. ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர், கணக்கே இல்லாமல் மெல்வது, பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டும் சாப்பிடுவது, தலையைப் பின்னால் சாய்த்து விழுங்குவது: இந்தப் 'பாதுகாப்பு'ப் பழக்கங்கள்தான் பயத்துக்குத் தீனி. எதுவும் நடக்காவிட்டாலும் "தண்ணி குடிச்சதால தப்பிச்சேன்" என்று முடியும். ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். தண்ணீர் மூன்று வாய்க்கு ஒருமுறை, பிறகு ஐந்துக்கு, பிறகு கடைசியில் மட்டும். தலையைச் சாய்ப்பதை முதல் நாளே நிறுத்துங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, முகம் நேராக இருப்பதே விழுங்கத் தோதான நிலை.

#8 பனித்துளி

நல்ல விளக்கம். குழந்தைகளுக்கும் இதே ஏணியா? "பசிச்சா தானே சாப்பிடும், விடுங்க" என்கிறார்கள் பெரியவர்கள்.

#9 மூன்றாம்மணி

பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தச் சொல் பலிக்கும். பலிக்காத குழந்தைகளுக்கு அதுவே ஆபத்து.

வழக்கமான பிடிவாதம் என்றால் உணவியல் வல்லுநர் எல்லின் சாட்டர் வகுத்த பொறுப்புப் பிரிவினை போதும். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. கேட்கச் சுலபம், கடைப்பிடிக்கக் கடினம், ஏனென்றால் "இன்னும் ஒரே ஒரு வாய்" என்பது நாவின் நுனியிலேயே இருக்கிறது. கெஞ்சல், மிரட்டல், பாராட்டு மூன்றும் அழுத்தம்தான். "சமத்து, முழுசா சாப்பிட்டுட்டே" என்ற பாராட்டும், முடியாத நாளில் தோல்வியாகத் திரும்பும். "இதைச் சாப்பிட்டா இனிப்பு" என்றால் இனிப்பின் மதிப்பு ஏறி இதன் மதிப்பு இறங்கும்.

ஒவ்வொரு வேளையும் குழந்தை உறுதியாகச் சாப்பிடும் ஒரு பொருள் மேசையில் இருக்கட்டும். அதன் பக்கத்தில் புதியது, ஒரு தேக்கரண்டி அளவு. ஒரு புதிய உணவு ஏற்கப்பட 10 முதல் 15 தடவை கண்ணில் படவோ நாவில் படவோ வேண்டியிருக்கும். பல வீடுகளில் மூன்றாவது தடவையோடு "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மேசையில் இருப்பது, தன் தட்டில் இருப்பது, தொடுவது, முகர்வது, நக்குவது, கடித்துத் துப்புவது எல்லாமே முன்னேற்றம். துப்புவதற்கு ஒரு கிண்ணம் வையுங்கள். துப்பலாம் என்று தெரிந்தால்தான் வாயில் வைக்கும்.

ஏற்கும் உணவிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஒரே ஒரு தன்மையை மாற்றுங்கள். வடிவம் மாறினால் சுவை அதேதான், சுவை மாறினால் மொறுமொறுப்பு அதேதான். சாப்பிடும் பொருளுக்குள் புதியதை ஒளித்து வைப்பது வேண்டாம். கண்டுபிடித்துவிட்டால் இருந்த ஒன்றும் பட்டியலிலிருந்து போய்விடும்.

இனி அந்தப் பலிக்காத குழந்தைகள். ஏற்கும் உணவுகளின் எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே போகிறது, காய் முழுக்க அல்லது புரதம் முழுக்க என்று ஒரு வகையே விலகுகிறது, வளர்ச்சிக் கோடு தட்டையாகிறது, ஊட்டப் பானத்திலேயே காலம் ஓடுகிறது என்றால் அது ஆர்ஃபிட் எனப்படும் உணவுத் தவிர்ப்புக் கோளாறாக இருக்கலாம். 2013இல் வெளிவந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கோளாறுக் கையேடு இதைத் தனிக் கோளாறாகச் சேர்த்தது. இது பெரியவர்களுக்கும் வரும். இவர்களைப் பட்டினி போட்டுப் பார்த்தால் பசியால் வழிக்கு வரமாட்டார்கள், எடைதான் குறையும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

#10 கீழைக்காற்று

மாவுக்கட்டு வாதத்தை ஏற்கிறேன். பசி அளவுகோல் இரண்டாம் கட்டத்துக்கே இருக்கட்டும்.

விலக்கப்பட்ட உணவுகள் பற்றி யாரும் எழுதவில்லையே. 'நல்லது', 'கெட்டது' என்று பிரித்து வைத்திருப்பவருக்கு ஒரு கடி கெட்டதில் விழுந்தாலே "இன்னைக்கு எல்லாம் போச்சு, இனி என்ன" என்று தோன்றும். 1975இல் ஹெர்மன், மேக் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். உணவைக் கட்டுப்படுத்தி வாழ்பவர்கள், மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமை வழக்கத்தைவிட அதிகம் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு இல்லாதவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாட்டின் விளிம்பில்தான் கட்டவிழ்தல் இருக்கிறது.

பயந்து ஒதுக்கிய உணவை மீண்டும் கொண்டுவரும்போது நேரம் முக்கியம். நாள் முழுக்கக் குறைவாகச் சாப்பிட்ட இரவில் வேண்டவே வேண்டாம். மதியச் சாப்பாட்டோடு, வயிற்றில் ஏற்கெனவே ஏதோ இருக்கும்போது, ஒரு பங்கு மட்டும், துணைக்கு ஒருவரோடு. பொட்டலமாகக் கையில் வேண்டாம், தட்டில் வையுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவை. இரவு உணவைக் குறைத்தோ கூடுதலாக நடந்தோ ஈடுகட்டினால் அந்தத் தடவை கணக்கில் வராது.

#11 அந்திவெளி

கெட்டுப்போன உணவு பற்றிய பயம்? தேதியை நான்கு தடவை பார்ப்பது, முகர்ந்துகொண்டே இருப்பது, வீட்டில் எல்லாரையும் கேட்பது.

#12 மூன்றாம்மணி

ஒரு விதியை எழுதி ஒட்டிவிட்டு அதற்கு மேல் யோசிக்காமல் இருப்பதுதான் வழி. குளிர்பெட்டி 5 டிகிரிக்குக் கீழே. சமைத்தது வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இல்லை. மறுபடி சூடாக்கினால் நடுப்பகுதி 75 டிகிரி தொட வேண்டும். 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்பது பாதுகாப்புக் கெடு, அதைத் தாண்டக் கூடாது. 'இந்தத் தேதிக்கு முன் சிறந்தது' என்பது தரத்தைப் பற்றியது, அந்த நாள் கழிந்ததும் விஷமாகிவிடாது.

தேதியை ஒருமுறை பாருங்கள், ஒருமுறை சொல்லுங்கள், முடிந்தது. "இது நல்லா இருக்கா?" என்று கேட்டு வாங்கும் உறுதி சில நிமிடமே தாங்கும், பிறகு இன்னொரு தடவை கேட்க வைக்கும். வீட்டில் இருப்பவர்கள் "விதி என்ன சொல்லுது?" என்று மட்டும் திருப்பிக் கேட்கலாம். முதல் சில நாள் சண்டை வரும், வரட்டும்.

#13 நெடுவழி

எதுவரை இங்கே எழுதியதை வைத்துச் சமாளிக்கலாம் என்பதையும் பதிந்துவிடுகிறேன். மயக்கம், நெஞ்சுத் துடிப்பு மிகவும் குறைவது, எழுந்தால் கண் இருட்டுவது, வேகமான எடைக் குறைவு, வாந்தி எடுத்து ஈடுகட்டுவது, உயிரை மாய்க்கும் எண்ணம்: இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவர் திடீரென்று முழு உணவுக்குத் திரும்பக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சரிந்து இதயம் தடுமாறலாம். மருத்துவர் ரத்தம் பார்த்து, தையமின் (வைட்டமின் பி1) கொடுத்து, அளவைப் படிப்படியாகக் கூட்டுவார். "சாப்பிடட்டும், அதுதானே வேணும்" என்று குடும்பம் அவசரப்படும் இடம் இது.

#14 பனித்துளி

கடைசியாக ஒன்று. நான்கு பேர் முன்னால் சாப்பிடக் கை நடுங்குபவருக்கு எங்கே தொடங்குவது?

#15 நெடுவழி

நம்பும் ஒருவரோடு, கையால் எடுக்கும் உலர்ந்த உணவில். அடுத்தது அதே ஆளோடு கரண்டி உணவு. பிறகு இரண்டு பேர், பிறகு தெரியாதவர்கள் இருக்கும் இடம், கூட்டம் குறைந்த வேளை. சூப்பும் நிறைந்த கோப்பையும் ஏணியின் உச்சிப் படிக்கு.

உச்சிக்கு வந்ததும் வேண்டுமென்றே கொஞ்சம் சிந்தச் சொல்வோம். துடைத்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர வேண்டும், மன்னிப்புக் கேட்கக் கூடாது. யார் திரும்பிப் பார்ப்பார்கள், எவ்வளவு நேரம் பார்ப்பார்கள் என்று போகும் முன் ஒரு கணிப்பை எழுதி, வந்த பிறகு நடந்ததை அதன் பக்கத்தில் எழுதுங்கள். கரண்டியை இறுக்கிப் பிடித்தால் நடுக்கம் கூடும், முழங்கையை மேசையில் ஊன்றினால் குறையும். ஊன்றுவதையும் கடைசியில் எடுத்துவிட வேண்டும்.